சேசுராஜ் மிராண்டாவுக்கு ஒரு மரித்தோர் பூசை

சேசு மரி சூசை

வடாலா, பம்பாய்
28-6-1962, வியாழக்கிழமை

அன்புள்ள மச்சான் சேசுராஜ் அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது. மாட்டுங்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் உட்காரும் டெஸ்ட் டெஸ்க்கில் வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம் எழுத வேண்டும், அதனால் நிமிஷம் வரை தெரியும். பல்லார்டு எஸ்டேட்டில் இருக்கும் சர்க்கார் ஆபீசிலிருந்து ஒருவர் இங்கிலீஷில் பேசினார். பெய்ராவிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பட்டியலில் சேசுராஜ் மிராண்டா என்ற பெயர் சேர்ந்துவிட்டது, சனிக்கிழமை முப்பதாம் தேதி கப்பல் கிளம்புகிறது என்றார். பிறகு, மிஸஸ் சகாயராணியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமே, வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டார். வெளியே போயிருக்கிறாள் என்று சொன்னேன்.

மச்சான், அவள் வெளியே போகவில்லை. இந்த மாதம் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை மஞ்சள் காமாலையில் உங்கள் தங்கை இறந்துபோனாள். சிவ்ரி கல்லறையில் அடக்கம் செய்தோம். நீங்கள் வருகிற செய்தி அதற்குப் பதினேழு நாள் கழித்து வந்தது.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மன்னிக்க வேண்டும். நாம் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. நீங்கள் மொசாம்பிக்கில் பெய்ரா துறைமுக ஒர்க் ஷாப்புக்குப் போய் நாலு வருஷம் கழித்துத்தான் எங்களுக்குக் கலியாணம் ஆனது. முதல் கடிதமே இப்படி ஆகிவிட்டது.

இது உங்கள் கைக்கு தாருஸ்ஸலாமில்தான் வரும். விமானத் தபாலில் அங்குள்ள மிஷன் வீட்டுக்கு அனுப்புகிறேன். நீங்கள் வரும் கப்பலில் காயித்தான் என்று ஒரு கோவாக்கார ஸ்டூவர்டு இருக்கிறார். கப்பல் அங்கே நங்கூரம் போட்டதும் மிஷனுக்குப் போய் வாங்கி வந்து உங்களிடம் கொடுப்பார். அது வேறு நாடு, அங்கிருந்து உங்களைத் திருப்பிக் கொண்டுபோக யாராலும் ஆகாது. அதனால் இதில் எதையும் மறைக்காமல் எழுதலாம். பம்பாயில் இறங்கும்போது கூட்டத்தில் நீங்கள் அவளைத் தேடக் கூடாது, அதற்காகவும் எழுதுகிறேன். உங்களை வெளியே எடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் முக்கியம். சர்க்கார் எடுத்ததாக அவர்கள் சொல்வார்கள்.

டிசம்பரில் கோவாவுக்குள் நம் பட்டாளம் போன அன்று எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க பேடா கொடுத்தார்கள். சகாயராணி ரேடியோ பக்கத்திலேயே நின்றாள். பேடாவைக் கையில் வாங்கினவள் வாயில் வைக்கவில்லை. இதற்குப் பதிலாக ஆப்பிரிக்காவில் போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருக்கிற நம் ஆட்களைப் பிடிப்பார்கள், அண்ணனைப் பிடிப்பார்கள் என்றாள். நான் சிரித்தேன். ஒரு மாதத்தில் பேப்பரில் அதுவே வந்தது. அங்கிருந்த இந்தியர்களையெல்லாம் முகாமில் அடைத்துவிட்டார்கள் என்று.

பிப்ரவரியில் பிடிபட்டவர்கள் பட்டியல் வந்தது. ஆயிரக்கணக்கான பெயர்கள், பெரும்பாலும் குஜராத்திகள். உங்கள் பெயர் இல்லை. உங்கள் கடிதமும் இல்லை. தபாலே நின்றுபோயிருந்தது. அவள் கிங்ஸ் சர்க்கிள் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் தினமும் ஒரு மணி நேரம் மெஷின் வாடகைக்கு எடுத்து மனு அடித்தாள். ஹார்பர் லைன் ரயிலில் ஏறி ஆபீஸ் ஆபீசாகப் போனாள். போன இடத்திலெல்லாம் மிராண்டா என்ற பெயரைப் பார்த்ததும், இது கோவாக்காரர்கள் விஷயம், அந்தக் கவுண்டருக்குப் போ என்பார்கள். ஒரு குமாஸ்தா அவளிடம் கொங்கணியிலேயே குடும்ப நலம் விசாரித்தாராம். நான் தூத்துக்குடிப் பக்கம் என்று இவள் சொன்னதற்கு, பரவாயில்லை, அங்கேயும் நம் ஆட்கள் இருக்கிறார்கள் போல என்று சந்தோஷப்பட்டாராம். இதை வீட்டில் நடித்துக் காட்டி என்னைச் சிரிக்க வைத்தாள். சிரித்து முடித்த பிறகு சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க பம்பாய்லயே நம்மளக் கோவாக்காரின்னு நினைக்காங்க. அங்க அவங்க என்ன நினைச்சிருப்பாங்க?" என்றாள்.

எத்தனை பெரிய ஆபீசர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நானூறு வருஷத்துக்கு முன் நம் கடற்கரைக்கு ஞானஸ்நானம் கொடுத்த போர்த்துக்கீசியச் சாமிமார் வைத்துவிட்டுப் போன பெயர், நமக்கு வீட்டுப் பெயர். அந்தப் பெயரைப் பார்த்த அந்நாட்டுப் போலீஸ் உங்களை இந்தியன் என்று முகாமுக்கு அனுப்பவில்லை. கோவாவில் பிறந்த தங்கள் பிரஜை, இந்தியாவுக்கு உளவு சொன்ன துரோகி என்று ஜெயிலில் போட்டிருக்கிறார்கள். அதனால் அவர்கள் கணக்கில் நீங்கள் இந்தியன் இல்லை. நம் சர்க்கார் கணக்கில் நீங்கள் பிடிபடவே இல்லை. நான் டெலிபோன் வேலை பார்க்கிறவன், ஒரு லைனில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் இந்தக் கோளாறைக் கண்டுபிடித்தது அவள்.

ஆனால் நினைப்பது வேறு, ஆதாரம் வேறு. நீங்கள் உயிரோடு இருப்பது யாருக்குத் தெரியும்? எந்த ஜெயில்? அங்குள்ள அதிகாரிகளுக்கு எழுதினால் பதில் வராது. சிநேகிதர்களுக்கு எழுதினால் அவர்களுக்கும் ஆபத்து. பத்து நாள் யோசித்துக்கொண்டு திரிந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நம் பங்குச் சாமியார் தனசீலனிடம் போய், மொசாம்பிக்கில் இருக்கும் பங்குக் கோயில்கள் ஒவ்வொன்றுக்கும் லத்தீனில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். என்ன கடிதம் என்றார். சேசுராஜ் மிராண்டாவின் ஆத்துமத்துக்காக மரித்தோர் பூசை ஒன்று வைக்கும்படி.

தாராவியிலிருந்து என் பெரியம்மா லூசியம்மாள் இதைக் கேள்விப்பட்டு ஓடி வந்தார்கள். அவர்கள் வாய் உங்களுக்குத் தெரியாது. எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்டது. "உசுரோட இருக்கவனுக்குச் சாவுப் பூசை வைக்கியேட்டீ. ஒன் வாயில நல்லதே வராதா? கூடப் பெறந்தவதானா நீ?"

அதற்குச் சகாயராணி சொன்ன பதிலை நான் அப்படியே எழுதுகிறேன். "அத்தை, செத்தவனுக்குப் பூசை கேட்டா எந்தச் சாமியாரும் வைக்க மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. வச்சுட்டேன்னு பதிலும் போடுவாரு. அண்ணன் உசுரோட இருக்கது தெரிஞ்ச சாமியார் மட்டுந்தான் முடியாதும்பாரு. எனக்கு அந்த ஒருத்தர் வேணும்."

பெரியம்மா உட்கார்ந்தார்கள். காப்பி கேட்டார்கள்.

சாமியாருக்கும் தயக்கம்தான். இறந்தாரா என்று தெரியாமல் கேட்பது பொய்யாகாதா என்றார். தெரியாததால்தானே கேட்கிறேன், தெரியாது என்றே எழுதுங்கள் சாமி என்றாள். "மரித்துவிட்டதாக அஞ்சப்படும்" என்று அவர் எழுதினார். சாமியார் வைத்திருந்த பழைய விலாசப் புத்தகத்தில் பதினான்கு பங்குகள் கிடைத்தன. பதினான்கு கடிதங்கள். தோபி தலாவில் கோவாக் கப்பல்காரர்கள் தங்கும் கிளப்புக்குப் போய் காயித்தானைக் கண்டுபிடித்ததும் அவள்தான். பெண்கள் போகாத இடம் அது. வாசலில் நின்று, எனக்கு ஒரு நல்ல கத்தோலிக்கன் வேண்டும் என்று இந்தியில் கேட்டாளாம். உள்ளே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, சீட்டாடிக்கொண்டிருந்த காயித்தானைத் தள்ளிவிட்டார்களாம். அவர் கடிதங்களைத் தாருஸ்ஸலாம் கொண்டுபோய் அங்கிருந்து தபாலில் போட்டார்.

இப்போது நான் வெட்கப்படுகிற விஷயம் ஒன்று. எதிரி நாட்டு மண்ணுக்கு லத்தீனில் கடிதம் போகிறது என்று யாரோ சொல்லி, மார்ச் கடைசியில் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். நான் சர்க்கார் வேலைக்காரன், அதுவும் டெலிபோனில். அவள் அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, பதினான்கு கடிதத்தின் கார்பன் காப்பிகளையும் தேதிவாரியாக எடுத்து முன்னால் வைத்தாள். தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதக் கூடாதா என்று கேட்டார். கடவுள் எந்தப் பாஷையும் கேட்பார், அந்த ஊர்ப் போலீஸ் லத்தீனை மட்டும்தான் பிரிக்காமல் விடும் என்றாள். அவர் ஒரு காப்பியை மடித்து வைத்துக்கொண்டு, ஜாக்கிரதை சகோதரி என்று இந்தியில் சொல்லிப் போனார். அவர் போனதும் நான் கத்தினேன். உன் அண்ணனுக்காக என் வேலை போக வேண்டுமா என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, உங்களை யாராவது பிடித்துப் போனாலும் இதைத்தான் செய்வேன் என்றாள். அவ்வளவுதான் அவள் சண்டை.

தாருஸ்ஸலாம் மிஷன் வழியாகப் பதில்கள் வர ஆரம்பித்தன. பத்துச் சாமிமார் பூசை வைத்துவிட்டதாக எழுதினார்கள். ஒவ்வொன்று வரும்போதும் அவள் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பத்துத் தடவை நீங்கள் செத்தீர்கள். ஒவ்வொரு தடவையும், இவர் நம்மாள் இல்லை என்று சொல்லிக் கடிதத்தை அடுக்கில் வைத்துவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். மே ஆறாம் தேதி பதினோராவது வந்தது. தனசீலன் சாமியார் கோயில் வாசலில் நின்றே அதை வாசித்துத் தமிழில் சொன்னார். "இந்தப் பூசையை நான் வைக்க இயலாது. ஈஸ்டர் திருநாளான பாஸ்கு ஞாயிறன்று பெய்ரா சிறையில் இந்தப் பெயருள்ளவருக்குக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நற்கருணை நன்மை கொடுத்தேன். அவருடைய சுகத்துக்காக வேறு பூசை வைத்திருக்கிறேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு சிரித்தாள். "எங்க அண்ணன் பாஸ்குக்கு நன்மை வாங்கிச்சா! செயில்ல போட்டாத்தான் கோயிலுக்குப் போவும்போல." அன்று சகாயராணி அளவுக்குச் சந்தோஷமாக இருந்த ஆளை வடாலாவிலேயே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. நீங்கள் கோவாவில் பிறக்கவில்லை என்று காட்ட ஊர்க் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்திலிருந்து நகல் வேண்டும், அதில் பிஷப் ஆண்டவர் முத்திரை வேண்டும். தபாலை நம்ப மாட்டேன் என்று, அந்த மே மாத வெயிலில் ரயில் ஏறி ஆலந்தலை போனாள். நான் லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தனியாக அனுப்பினேன். வழியில் எந்த ஸ்டேஷனில் எந்தத் தண்ணீரைக் குடித்தாளோ. இருபதாம் தேதி நகலோடு திரும்பினாள். உங்கள் ஞானத்தகப்பன் பெயர், உங்கள் அம்மா பெயர் எல்லாம் லத்தீனில் அழகாக இருந்தது. இருபத்து நாலாம் தேதி காயித்தான் அதை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். பெய்ராச் சாமியார் அதைத் தன் ஆண்டவர் வழியாக அதிகாரிகளிடம் கொடுத்திருக்கிறார். ஆண்டவர் முத்திரையை அவர்களால் பொய் என்று சொல்ல முடியவில்லை. அப்படித்தான் நீங்கள் இந்தியன் ஆனீர்கள்.

மே இருபத்தெட்டாம் தேதி அவள் பல்லார்டு எஸ்டேட் போய், வந்து இறங்கும் ஆளுக்கு இரத்த உறவு என்ற முறையில் பொறுப்பேற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டாள். அங்கே கோமதிநாயகம் என்று ஒரு குமாஸ்தா, திருநெல்வேலிக்காரர், நாலு மாதமாக இவளுக்கு வழி சொன்னவர். கண் மஞ்சளாக இருக்கிறதே அம்மா, டாக்டரைப் பார் என்று அவர்தான் முதலில் சொன்னது. நான் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தாள். தினமும் தபால்காரன் வந்தானா என்று கேட்பாள். நினைவு தப்புகிற வரைக்கும் அதைத்தான் கேட்டாள். வரவில்லை என்று நான் உண்மையைச் சொன்னேன். ஒரு நாளாவது பொய் சொல்லியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை சொன்ன பொய்யை ஒப்புக்கொள்ள நேற்று பல்லார்டு எஸ்டேட்டுக்கு நேரில் போனேன். மழை. நெஞ்சுப் பையில் துக்கத்துக்குக் கருப்புத் துணி குத்தியிருந்தேன், அது எனக்கே மறந்துபோயிருந்தது. வாசலில் கோமதிநாயகம் அதைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை மாடிப்படிக்கு அடியில் இழுத்துப் போனார்.

"அதைக் கழத்திப் பைக்குள்ள போடும் வே. உள்ள வரவே வராதீரும். ரத்த உறவு இல்லன்னு ஆச்சுன்னா ஃபைல நிப்பாட்டிருவான். மச்சினன் கையெழுத்து செல்லாது. இந்தக் கப்பல் போச்சுன்னா அடுத்தது எப்பன்னு எவனுக்குத் தெரியும்?"

உங்களுக்கு அப்பா அம்மா இல்லை, வேறு கூடப்பிறந்தவர்களும் இல்லை. பெயர்களைப் பெய்ராவுக்கு உறுதி செய்து தந்தி அடிக்கும் முன், கையெழுத்துப் போட்டவர்களை ஒரு முறை டெலிபோனில் கூப்பிட்டுக் கேட்பார்களாம். எங்கள் முறை இன்று மூன்று மணிக்கு, வீட்டு நம்பரில். வீட்டில் டிபார்ட்மென்ட் கொடுத்த போன் இருக்கிறது. ஆள் இல்லை என்று யாராவது சொன்னால்தான் ஆபத்து, பதில் இல்லாவிட்டால் இருக்கிற கையெழுத்தை வைத்தே அனுப்பிவிடுவார்கள், மழைக்காலத்தில் பம்பாய் போன் எங்கே கிடைக்கிறது என்றார் கோமதிநாயகம்.

இதைக் கேட்டு லூசியம்மாள் பெரியம்மா, தானே சகாயராணியாகப் பேசுவதாகச் சொன்னார்கள். இரண்டு நாளாக ஊராரிடம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பெண்டாட்டி செத்த வீட்டில் முப்பதாம் நாள் கார்டு அடிக்காமல் சட்டை இஸ்திரி போட்டு ஆபீஸ் போகிறான் என்று. காரணம் தெரிந்ததும், "ஆமா, நாந்தான் சகாயராணி, அவ்வளவுதானடே? எனக்கு இங்கிலீசு எஸ் நோ வரும்" என்றார்கள். பேசிக் காட்டவும் செய்தார்கள். என்னால் கேட்க முடியவில்லை, மச்சான். இன்னொரு வாய் அந்தப் பெயரைத் தன் பெயராகச் சொல்வதை என்னால் கேட்க முடியவில்லை. வேண்டாம் என்றுவிட்டேன்.

நீங்கள் வரும்போது துறைமுகத்துக் கிழக்கு வாசலில் நிற்பேன். உயரம், மூக்குக் கண்ணாடி, இப்போது கொஞ்சம் இளைத்துவிட்டேன். உங்கள் போட்டோ ஒன்றை அவள் முகம் பார்க்கும் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள், அதனால் உங்களை எனக்குத் தெரியும். தங்குவதற்கு எங்கும் தேட வேண்டாம். கட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது. பெய்ராச் சாமியார் பெயரை கப்பலில் யாரிடமும் சொல்லாதீர்கள், பம்பாயிலும் பேப்பர்க்காரர்களிடம் சொல்லாதீர்கள். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

தாருஸ்ஸலாமில் இறங்கியதும் ஒரே ஒரு தந்தி அடியுங்கள். ஏறிவிட்டேன் என்று மட்டும் இருந்தால் போதும். அது கைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு முப்பதாம் நாள் கார்டு அச்சடிக்கக் கொடுப்பேன். அதில் "இறந்துபோன" என்று போட வேண்டும், அதை எழுத இப்போது எனக்கு உரிமை இல்லை. சனிக்கிழமை வரை அவள் உங்களுக்கு ஜாமீன். தேவமாதா உங்களைக் கடல் மேல் கைவிடாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். கவனமாகச் சாப்பிடுங்கள். கொதிக்க வைக்காத தண்ணீர் குடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
லாசர்

பி.கு: இதை ஒட்டும் முன் ஒரு வரி. மணி இரண்டேகால், எக்ஸ்சேஞ்சில் இருக்கிறேன், எங்கள் வீட்டு லைன் இங்கிருந்துதான் போகிறது. இங்கே ஒவ்வொரு லைனுக்கும் காயில் என்று ஒரு சின்னக் கம்பிச் சுருள் உண்டு, அதைப் பிடுங்கிவிட்டால் கூப்பிடுகிறவருக்கு மணி போவது போலவே கேட்கும், வீட்டில் அடிக்காது. மூன்று மணிக்கு அவர்கள் கூப்பிடுவார்கள், அவள் எடுக்க மாட்டாள், எங்கோ வெளியே போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். காயில் என் சட்டைப் பையில் இருக்கிறது. போனை நிறுத்திவிட்டேன்.